பெட்டிக்குள் வரைபலகை

லினக்ஸோ மேக்கோ வைத்திருக்கும் ஒருவருக்கு சாலிட்வொர்க்ஸில் ஒரு வேலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். நண்பர்கள் சொல்லும் வழி ஒன்றுதான்: "விர்ச்சுவல் மெஷின் போட்டுக்கோயேன்." போடுகிறார். தன் கணினிக்குள் இன்னொரு கணினி, அதற்குள் விண்டோஸ், அதற்குள் சாலிட்வொர்க்ஸ். எல்லாம் ஒழுங்காக நிறுவப்படுகிறது. வேர்ட் திறக்கிறது, எக்செல் திறக்கிறது, பிரவுசர் ஓடுகிறது. ஆனால் ஒரு கியர்பாக்ஸின் முப்பரிமாண மாதிரியைத் திறந்து மவுஸால் சுழற்றினால் மட்டும் படம் திக்கித்திக்கி நகர்கிறது. சில விளிம்புகள் காணாமல் போகின்றன. சில நேரம் மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொள்கிறது.

மற்ற எல்லாவற்றையும் ஏமாற்ற முடிந்த அந்தப் பொய்க் கணினியால் இதை மட்டும் ஏன் ஏமாற்ற முடியவில்லை?

இந்தச் சின்னத் தொல்லைக்குப் பின்னால் அறுபது வருடக் கதை இருக்கிறது. பொறியாளர்கள் 'கேட்' என்று சுருக்கிச் சொல்லும் கணினிவழி வடிவமைப்பும், மெய்நிகர் இயந்திரமும் ஒரே வட்டாரத்தில், ஐந்தாறு வருட இடைவெளியில் பிறந்தவை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள சில கிலோமீட்டர்கள். ஆனால் இரண்டின் சுபாவமும் நேரெதிர். ஒன்று கணினி முழுக்கத் தனக்கே வேண்டும் என்றது. இன்னொன்று கணினியைப் பலருக்கும் பங்குபோட வந்தது. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. அதில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான், இன்று நாம் வரைந்து வைப்பதை முப்பது வருடம் கழித்து யாராவது திறக்க முடியுமா என்பதும் இருக்கிறது.

*

1963 ஜனவரியில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆய்வு மாணவர் எம்.ஐ.டி.யில் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அவர் எழுதிய நிரலின் பெயர் ஸ்கெட்ச்பேட். அவருக்கு வழிகாட்டி, தகவல் கோட்பாட்டின் தந்தை என்று சொல்லப்படும் க்ளாட் ஷானன். நிரல் ஓடியது லெக்சிங்டனில் இருந்த லிங்கன் ஆய்வகத்தின் டிஎக்ஸ்-2 கணினியில். 1958-இல் இயங்கத் தொடங்கிய இயந்திரம் அது. அதன் நினைவகம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 300 கிலோபைட். வாட்ஸப்பில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படத்துக்கே அது போதாது.

அந்தக் காலத்தில் கணினியை யாரும் நேரில் தொட்டுப் பயன்படுத்துவதில்லை. துளையட்டைக் கட்டை ஜன்னலில் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து விடையை வாங்கிக்கொள்ள வேண்டும். டிஎக்ஸ்-2 விதிவிலக்கு. அதில் ஒரு திரை இருந்தது, ஒளிப்பேனா இருந்தது, பொத்தான்களும் குமிழ்களும் இருந்தன. ஒரே ஆள் முன்னால் உட்கார்ந்து, முழு இயந்திரத்தையும் தனக்கென்று வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். சதர்லேண்ட் அதைத்தான் செய்தார். திரையில் பேனாவை வைத்துக் கோடு இழுத்தார்.

கோடு இழுத்தது மட்டும் சாதனை இல்லை. முதலாண்டு பொறியியலில் மினி டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும், கோடு இழுப்பதை யாரும் செய்யலாம். ஸ்கெட்ச்பேட் அதற்கு மேலே ஒன்றைச் செய்தது. கோணல்மாணலாக ஒரு நாற்கரம் வரைந்துவிட்டு, "இந்த இரண்டு பக்கமும் இணையாக இருக்க வேண்டும், இந்த இரண்டும் சம நீளம்" என்று நிபந்தனை விதிக்கலாம். நிரல் தானே கணக்குப் போட்டு உருவத்தைச் சரிசெய்யும். பாலத்தின் சட்டகத்தை வரைந்து அதில் பாரம் ஏற்றினால் ஒவ்வொரு உறுப்பும் தாங்கும் விசையைக் காட்டும். ஆக, காகிதத்தில் கோடு மட்டும் இருக்கும். ஸ்கெட்ச்பேடில் கோடும் இருக்கும், அது ஏன் அங்கே இருக்கிறது என்ற காரணமும் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு அறுகோணத்தை மூலமாக வரைந்து வைத்துக்கொண்டால், அதன் பிரதிகளைத் திரை முழுக்க நூற்றுக்கணக்கில் பதிக்கலாம். மூலத்தில் ஒரு பக்கத்தை மாற்றினால் எல்லாப் பிரதிகளும் மாறும். அந்தப் பிரதிகளுக்கு சதர்லேண்ட் வைத்த பெயர் 'இன்ஸ்டன்ஸ்'. இன்று மேகக் கணினியில் வேலை பார்ப்பவர்கள் ஒரு மூலப் படிமத்திலிருந்து எழுப்பும் மெய்நிகர் இயந்திரத்துக்கும் அதே பெயர்தான். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே வார்த்தையை இரண்டு பேரும் எடுத்துக்கொண்டதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

டிஎக்ஸ்-2ஐ வடிவமைத்தவர் வெஸ்லி கிளார்க். ஒரு கணினியைப் பலர் நேரம் பிரித்துப் பயன்படுத்துவது என்ற யோசனை அன்று எம்.ஐ.டி.யில் எல்லோர் வாயிலும் இருந்தது. கிளார்க்குக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆளுக்கொரு கணினி என்பது அவர் கட்சி. 1962-இல் லிங்க் என்ற சிறிய கணினியைச் செய்து, உயிரியல் ஆய்வகங்களில் ஒரு விஞ்ஞானி தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று காட்டினார். வரைபவருக்கும் அதுதான் தேவை. கை நகர்ந்த கணமே கோடும் நகர வேண்டும். அரை நொடி தாமதித்தால் கைக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். எதிரே இருக்கும் இயந்திரம் அந்த நேரத்தில் வேறு யாருடைய கணக்கையோ போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

*

கிளார்க்கின் எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருந்தது. அன்றைய ஐ.பி.எம். 7090 கணினியின் விலை 30 லட்சம் டாலரை ஒட்டி இருந்தது. அதை ஒருவர் முன்னால் வைத்துவிட்டு, அவர் தாடையைத் தடவி யோசிக்கும்போதெல்லாம் சும்மா நிற்கவிடுவதா? ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961 நவம்பரில் எம்.ஐ.டி.யில் சி.டி.எஸ்.எஸ். என்ற நேரப்பகிர்வு அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒருவர் யோசிக்கும் நேரத்தில் இன்னொருவர் வேலை ஓடும். மாற்றி மாற்றி ஓடும் வேகத்தில், கணினி தன்னிடம் மட்டுமே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள்.

இந்தப் பொய்யை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் ராபர்ட் க்ரீஸி. சி.டி.எஸ்.எஸ்-இல் வேலை செய்துவிட்டு ஐ.பி.எம்.முக்குப் போனவர். 1964-இல் ஐ.பி.எம். கேம்பிரிட்ஜில் ஒரு ஆய்வு மையம் தொடங்கியது. முகவரி 545, டெக்னாலஜி ஸ்கொயர். நேரப்பகிர்வுக்காகவே எம்.ஐ.டி. ஆரம்பித்த 'புராஜெக்ட் மேக்' இருந்த அதே கட்டடம். லிஃப்டில் ஏறினால் போட்டியாளரைப் பார்த்துத் தலையசைக்க வேண்டியிருக்கும்.

க்ரீஸியின் யோசனை எளிமையானது, கொஞ்சம் பைத்தியக்காரத்தனமானதும்கூட. எல்லோரும் பகிரும் ஒரு பெரிய இயங்குதளம் எதற்கு? ஆளுக்கு ஒரு முழுக் கணினியையே கொடுத்துவிடலாமே. நிஜக் கணினி இல்லை, கணினி மாதிரி ஒன்று. ஒவ்வொருவருடைய நிரலும் வெறும் இரும்பின் மேல் தான் மட்டும் ஓடுவதாக நம்ப வேண்டும். உள்ளீடு, வெளியீடு போன்ற முக்கியமான கட்டளை எதையாவது அது இட்டால், வன்பொருள் அதை அந்த இடத்திலேயே நிறுத்தி, மேலே உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டு நிரலிடம் ஒப்படைக்கும். கட்டுப்பாட்டு நிரல் அந்த வேலையைத் தானே முடித்து, விடையை மட்டும் கீழே தள்ளிவிடும். கீழே இருப்பவருக்கு இடையில் ஒருவர் புகுந்தது தெரியவே தெரியாது. பொய் சொல்கிறது, ஆனால் விடை சரியாக இருக்கிறது.

சிபி-40 என்ற அந்த அமைப்பு 1967 ஜனவரியில் அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கென்றே மாற்றியமைத்த ஒரே ஒரு ஐ.பி.எம். 360/40 கணினியில் 14 மெய்நிகர் இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம். அடுத்து வந்த சிபி-67, கேம்பிரிட்ஜ் மையத்தை விட்டு வெளியேறி முதலில் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று எது தெரியுமா? லிங்கன் ஆய்வகம். 1967-இலேயே அங்கே நிறுவிவிட்டார்கள். சதர்லேண்ட் முழு இயந்திரத்தையும் தனக்கென்று வைத்துக்கொண்டு கோடு இழுத்த அதே ஆய்வகத்துக்கு, நான்கே வருடத்தில், முழு இயந்திரம் என்பதே ஒரு தோற்றம்தான் என்று சொல்லும் மென்பொருள் வந்து சேர்ந்தது.

ஐ.பி.எம். இதை 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் அதிகாரபூர்வமாக வெளியிட்டது. 1974-இல் ஜெரால்டு பொபெக், ராபர்ட் கோல்டுபர்க் இருவரும் மெய்நிகர் இயந்திரம் என்றால் என்ன என்று கணித முறையில் வரையறுத்தார்கள். அதன் சாரம் மூன்று நிபந்தனைகள். உள்ளே ஓடும் நிரல், நிஜ இயந்திரத்தில் எப்படி நடக்குமோ அப்படியே நடக்க வேண்டும். பெரும்பாலான கட்டளைகள் இடைத்தரகர் இல்லாமல் நேராக வன்பொருளில் ஓட வேண்டும். வளங்கள் எல்லாம் கட்டுப்பாட்டு நிரலின் பிடியில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் திக்குவது இந்த வரையறைக்கு வெளியே நிற்கும் ஒன்றினால்தான்.

*

அது என்ன என்பதை ஏறக்குறைய முன்கூட்டியே எழுதியவர் சதர்லேண்டேதான்.

ஸ்கெட்ச்பேடில் திரையின் ஒவ்வொரு புள்ளியையும் டிஎக்ஸ்-2 தானே ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். படம் பெரிதாகப் பெரிதாகத் திரை மினுக்கும். அதனால் திரையைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு சின்ன மின்சுற்று வைத்தார்கள். பிறகு அந்தச் சுற்றுக்குக் கொஞ்சம் நினைவகம். பிறகு அதற்குச் சொந்தமாகச் சில கட்டளைகள். பிறகு தாவல், கிளை, துணைநிரல். ஒருநாள் பார்த்தால் திரைக்கு வேலை செய்ய வைத்த எடுபிடி, தானே ஒரு முழுக் கணினியாக வளர்ந்து நிற்கிறது. அதற்கு ஒரு எடுபிடி தேவைப்படுகிறது. 1968-இல் மையரும் சதர்லேண்டும் எழுதிய கட்டுரை இந்தச் சுழற்சியை மறுபிறவிச் சக்கரம் என்று அழைத்தது. நம் ஊர் ஆட்கள் அதைப் படித்தால் சிரித்திருப்பார்கள், நம்மிடமிருந்தே எடுத்த உவமை.

இன்றைய கிராஃபிக்ஸ் கார்டு அந்தச் சக்கரத்தின் ஒரு சுற்று. அது கணினிக்குள் செருகிய உதிரிப் பாகம் இல்லை, சொந்த நினைவகமும் சொந்த மொழியும் உள்ள இரண்டாவது கணினி. க்ரீஸியின் தந்திரம் பொய்யாகச் செய்துகாட்டியது முதல் கணினியை மட்டும். இரண்டாவதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

1980-களில் இந்தப் பிரச்சினை எழவே இல்லை. ஏனென்றால் கிளார்க் ஜெயித்துவிட்டார். 1960-களிலும் 70-களிலும் விமான, கார் நிறுவனங்கள் பெரிய ஐ.பி.எம். கணினிகளோடு இணைத்த வரைகலை முனையங்களில் வரைந்தன. லாக்ஹீடின் கேடம், டசோவின் கேட்டியா எல்லாம் அந்த உலகில் வளர்ந்தவைதான். பிறகு மேசைக்கணினி வந்தது. 1982-இல் ஜான் வாக்கரும் நண்பர்களும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கி, அதே வருடக் கடைசியில் ஆட்டோகேடை வெளியிட்டார்கள். விலை 1,000 டாலர். மூலையில் இருக்கும் சின்னக் கட்டட அலுவலகமும் வாங்கக்கூடிய முதல் வரைபலகை. கொஞ்சம் வசதியுள்ளவர்கள் சன், சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனங்களின் பணிநிலையங்களை வாங்கினார்கள். ஆளுக்கொரு இயந்திரம், யாரோடும் பங்கில்லை.

ஆரம்ப ஆட்டோகேட் பல வகைக் கணினிகளில் ஓடியது. 1990-களில் அது சுருங்கியது. மேக்குக்கான பதிப்பு 1992-இன் 12-ஆம் வெளியீட்டோடு நின்றது. யூனிக்ஸ் பதிப்பு 13-ஓடு நின்றது. 1997-இல் வந்த 14-ஆம் வெளியீடு விண்டோஸ் மட்டும். 1995-இல் பிறந்த சாலிட்வொர்க்ஸ் ஆரம்பத்திலிருந்தே விண்டோஸ் மட்டும். இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் தவித்த நண்பரின் தலையெழுத்து அந்தச் சில வருடங்களில் எழுதப்பட்டது.

*

மெய்நிகர் இயந்திரம் அதுவரை ஐ.பி.எம்.மின் பெரிய கணினிகளுக்குள்ளேயே வாழ்ந்துகொண்டிருந்தது. மேசைக்கணினிக்கு அதைக் கொண்டுவந்தது 1998-இல் தொடங்கிய விஎம்வேர். அதன் முதல் தயாரிப்பு 1999-இல் வெளியானது. அது சுலபமாக நடக்கவில்லை. இன்டெல் சில்லு, பொபெக்கும் கோல்டுபர்க்கும் கேட்டபடி அமையவில்லை. பென்டியத்தில் அப்படி அடங்காத கட்டளைகள் 17 இருப்பதாக 2000-இல் ஒரு ஆய்வு எண்ணிக் காட்டியது. அவற்றில் ஒன்று, அதிகாரமில்லாத நிரல் குறுக்கீடுகளை நிறுத்த முயன்றால் வன்பொருள் அதைப் பிடித்து மேலே அனுப்பாமல் பேசாமல் விட்டுவிடும். பிழையும் இல்லை, வேலையும் நடக்காது. க்ரீஸியின் தந்திரமோ பிடிபடுவதை நம்பித்தான் இருக்கிறது. விஎம்வேர் வேறு வழி கண்டது. உள்ளே ஓடும் இயங்குதளத்தின் கட்டளைகளை ஓட்டத்திலேயே படித்து, ஆபத்தானவற்றை மட்டும் வேறு கட்டளைகளாக மாற்றி எழுதியது. 2005, 2006-இல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் சில்லிலேயே இதற்கு வழி செய்துகொடுத்தன. அதே நேரத்தில் ஆப்பிளும் இன்டெல் சில்லுக்கு மாறியது. மேக் வைத்திருந்த கட்டடக்கலைஞர்கள் பலர் பேரலல்ஸ் போன்ற மென்பொருளை வாங்கி, விண்டோஸ் பெட்டிக்குள் ஆட்டோகேடை ஓட்ட ஆரம்பித்தார்கள்.

முதல் கணினி சரியாயிற்று. இரண்டாவது கணினி?

மெய்நிகர் இயந்திரம் தன் விருந்தாளிக்கு ஒரு பொய்யான கிராஃபிக்ஸ் கார்டைக் காட்டும், மிக எளிமையான ஒன்றை. 'இந்த முக்கோணத்தை இந்த நிறத்தில் வரை' என்று உள்ளிருந்து வரும் ஒவ்வொரு அழைப்பையும் பிடித்து, மொழிபெயர்த்து, வெளியே இருக்கும் நிஜக் கார்டிடம் கொடுக்கும். மொழிபெயர்ப்பில் எப்போதும் எதாவது விட்டுப்போகும். வீடியோ கேமில் ஒரு நிழல் தவறினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். கேட் மென்பொருளில் அந்த விளிம்பைத்தான் நீங்கள் கிளிக் செய்ய வேண்டும். அதனால்தான் பெரிய கேட் நிறுவனங்கள் எந்தக் கார்டு, எந்த டிரைவர் பதிப்பு என்று சான்றளித்துப் பட்டியலே போட்டு வைத்திருக்கின்றன.

இதற்குக் கண்ட தீர்வு ஒரு வகையில் தோல்வியை ஒப்புக்கொள்வது. பொய்க் கார்டு வேண்டாம், நிஜக் கார்டையே விருந்தாளியிடம் கொடுத்துவிடு. இதை 'பாஸ்த்ரூ' என்பார்கள். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு நினைவகத்தில் நேரடியாக எழுதக்கூடியது. விருந்தாளி தனக்குத் தெரிந்த முகவரியை அதனிடம் சொன்னால், நிஜத்தில் அது அடுத்த வீட்டு முகவரியாக இருக்கலாம். எனவே கார்டுக்கும் நினைவகத்துக்கும் நடுவில் முகவரியை மாற்றிக்கொடுக்கும் ஐ.ஓ.எம்.எம்.யூ. என்ற வன்பொருள் தேவை. 2012-இல் வந்த லினக்ஸ் 3.6-இல் இதற்கான விஎஃப்ஐஓ வசதி சேர்ந்தது. கணினியில் இரண்டு கார்டு இருந்தால் ஒன்றை லினக்ஸ் வைத்துக்கொள்ளும், இன்னொன்று முழுசாக விண்டோஸ் பெட்டிக்கு. கியர்பாக்ஸ் வெண்ணெய் போலச் சுழன்றது. மெய்நிகர் இயந்திரத்துக்குள்ளேயே கிளார்க் வந்து உட்கார்ந்துகொண்டார்: வரைபவருக்கு ஒரு இயந்திரம், பங்கு கிடையாது.

ஆனால் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் கார்டு வைத்திருந்தவர்கள் ஒரு விநோதத்தைச் சந்தித்தார்கள். கார்டு சரி, இணைப்பு சரி, விண்டோஸ் சொல்கிறது: பிழை எண் 43. தான் ஓடுவது மெய்நிகர் இயந்திரத்தில் என்று டிரைவர் கண்டுபிடித்தவுடன் வேலை செய்ய மறுத்துவிடும். பெட்டிக்குள் ஓட்ட வேண்டுமா, விலை கூடிய தொழில்முறைக் கார்டுகளை வாங்கு. பயனர்கள் சும்மா இருப்பார்களா? ஹைப்பர்வைசர் தன்னை மறைத்துக்கொள்ளும்படி உள்ளமைவில் ஒரு வரி சேர்த்தார்கள். டிரைவர் ஏமாந்தது, பிழை மறைந்தது. அதாவது தடை வன்பொருளில் இல்லவே இல்லை. இந்த ஒளிந்துபிடித்து விளையாட்டு 2021 வரை நடந்தது. அந்த வருடம்தான் என்விடியா அதிகாரபூர்வமாக அனுமதித்தது. இதற்கிடையே 2013-இலேயே அதே நிறுவனம் பெரிய அலுவலகங்களுக்காக, ஒரே கார்டைப் பல மெய்நிகர் இயந்திரங்களுக்குத் துண்டுபோட்டுக் கொடுக்கும் கிரிட் கார்டுகளை விற்கத் தொடங்கியிருந்தது. கோர்பட்டோ திரும்பி வந்துவிட்டார், இந்த முறை இரண்டாவது கணினிக்கு. சக்கரம் இன்னொரு சுற்று.

*

இதுவரை சொன்னது வசதியைப் பற்றிய கதை. விண்டோஸ் கணினி ஒன்று வாங்கிவிட்டால் தீர்ந்தது என்றுகூடச் சொல்லலாம். பெட்டிக்குள் கேட் ஓடுவது முக்கியமாவது வேறொரு இடத்தில்.

2006-இல் ஏர்பஸ் ஏ380 விமானத் தயாரிப்பு தடுமாறியது. விமானத்துக்குள் ஓடும் மின்கம்பிகளின் மொத்த நீளம் 530 கிலோமீட்டர். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் தயாரித்த கம்பிக் கட்டுகள் பிரான்ஸின் துலூஸில் பொருத்தும்போது சேரவில்லை. பல காரணங்கள் இருந்தன. அதிகம் பேசப்பட்டது இது: ஜெர்மானிய, ஸ்பானியக் குழுக்கள் கேட்டியா 4-இல் வரைந்தன, பிரெஞ்சு, பிரிட்டிஷ் குழுக்கள் கேட்டியா 5-இல். இரண்டும் ஒரே நிறுவனத்தின் மென்பொருள்தான். ஆனால் 5 அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டது. மாற்றங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒழுங்காகக் கடக்கவில்லை. விமானங்களை ஒப்படைப்பது ஏறத்தாழ இரண்டு வருடம் தாமதமானது. சமகாலத்தில், ஒரே நிறுவனத்துக்குள், பேசிக்கொள்ளக்கூடிய மனிதர்களுக்கு இடையிலேயே இது நடந்தது. நாற்பது வருட இடைவெளி என்றால்?

ஒரு பயணிகள் விமானம் முப்பது வருடம் பறக்கும். பாலம் நூறு வருடம் நிற்கும். கேட் மென்பொருளின் ஒரு பதிப்பு பத்து வருடம் தாங்கினால் பெரிய விஷயம். இதற்காகத்தான் பொதுவான கோப்பு வடிவங்கள் உருவாயின. 1994-இல் முதன்முதலாக வெளியான ஸ்டெப் என்ற பன்னாட்டுத் தரம் அவற்றில் முக்கியமானது. எந்த மென்பொருளில் வரைந்தாலும் ஸ்டெப் கோப்பாக மாற்றினால் இன்னொன்றில் திறக்கலாம். வடிவம் அப்படியே வரும். ஆனால் நடைமுறையில் வடிவம் மட்டும்தான் வரும்.

ஒரு உதாரணம். வட்டத் தகடு ஒன்றில் சம இடைவெளியில் நான்கு துளைகள். மூல மென்பொருளில் அது 'வட்டத்தைச் சுற்றி நான்கு துளை, தகட்டின் விட்டத்தில் முக்கால் பங்கு தூரத்தில்' என்று பதிந்திருக்கும். நான்கை ஆறாக்கினால் துளைகள் தாமே இடம் மாறிக்கொள்ளும். ஸ்டெப் கோப்பில் நான்கு ஓட்டைகள் இருக்கும், அவ்வளவுதான். ஏன் நான்கு, ஏன் அந்த இடம் என்பது இருக்காது. பின்னால் அதைத் திருத்த வருபவர், முன்னவர் எதை யோசித்து அங்கே வைத்தார் என்று ஊகிக்க வேண்டும். 1963-இல் சதர்லேண்ட் காகிதத்துக்கு மேல் எதைச் சேர்த்தாரோ, அதுவே தொலைகிறது. கோடு பிழைத்துக்கொள்கிறது, கோட்டின் காரணம் செத்துப்போகிறது.

அந்தக் காரணம் கோப்பில் மட்டும் இல்லை, கோப்பைப் படிக்கும் மென்பொருளிலும் இருக்கிறது. ஆகவே கோப்பைக் காப்பாற்ற வேண்டுமானால் மென்பொருளைக் காப்பாற்ற வேண்டும். மென்பொருளைக் காப்பாற்ற அது ஓடிய இயங்குதளம் வேண்டும். இயங்குதளத்துக்கு அந்தக் காலக் கணினி வேண்டும். கணினி துருப்பிடிக்கும். ஜெஃப் ராத்தன்பர்க் என்ற ஆய்வாளர் 1990-களிலேயே இந்தச் சங்கிலியைச் சுட்டிக்காட்டினார். எண்ணிம ஆவணங்களைக் காக்கும் வழி, பழைய கணினியையே மென்பொருளாக மீண்டும் எழுப்புவது என்று வாதிட்டார். யேல் பல்கலைக்கழக நூலகம் அந்த வழியில் வேலை செய்கிறது. எம்.ஐ.டி. நூலகமும் கட்டடக்கலைத் துறையும் சேர்ந்து 2006-இல் ஃபசாட் என்ற திட்டத்தில், கட்டடங்களின் முப்பரிமாண கேட் மாதிரிகளை எதிர்காலத்துக்கு எப்படிச் சேமிப்பது என்று ஆராய்ந்தன.

எம்.ஐ.டி.க்கு அந்தக் கவலை வந்ததில் ஆச்சரியமில்லை. 2004-இல் அங்கே ஸ்டேட்டா மையம் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஃபிராங்க் கெரி. விமானம் வரைய உருவான கேட்டியாவை எடுத்து, நேராக நிற்காத சுவர்களையும் வளைந்த உலோகக் கூரைகளையும் வரைந்த கட்டடக்கலைஞர். அந்தக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது எம்.ஐ.டி.யின் கணினி அறிவியல் ஆய்வகம், புராஜெக்ட் மேக்கின் வாரிசு. அதுவரை அது இருந்த முகவரி 545, டெக்னாலஜி ஸ்கொயர். மெய்நிகர் இயந்திரம் பிறந்த கட்டடத்தை விட்டு, கேட் மென்பொருள் இல்லாமல் கட்டியிருக்கவே முடியாத கட்டடத்துக்கு. இனி அந்தச் சுவர்களில் ஒன்று ஒழுகினால், மூல வரைபடத்தைத் திறக்க மெய்நிகர் இயந்திரம் தேவைப்படலாம்.

*

தொழில்நுட்பம் இதைச் செய்துவிடும். விண்டோஸ் 98ஐ ஒரு பெட்டிக்குள் நிறுவி ஆட்டோகேட் 14ஐ ஓட்டுவதெல்லாம் இன்று ஒரு மாலைநேர வேலை. அந்தக் காலப் படங்கள் இருபரிமாணமாகவே அதிகம் இருந்ததால், பொய்க் கிராஃபிக்ஸ் கார்டே போதும். ஒரு தலைமுறை முந்திய இயந்திரத்தை இன்றைய இயந்திரம் மூச்சு வாங்காமல் சுமக்கிறது. கியர்பாக்ஸ் திக்குவதும் காலத்தில் கரையும் பிரச்சினைதான்.

கரையாதது பூட்டு. அன்று கேட் மென்பொருளோடு 'டாங்கிள்' என்ற சின்ன வன்பொருள் பூட்டு வரும். கணினியின் பின்னால் பிரிண்டர் செருகும் துளையில் அதைச் செருகாவிட்டால் மென்பொருள் திறக்காது. சில மென்பொருட்கள் கணினியின் நெட்வொர்க் கார்டு எண்ணோடு உரிமத்தைக் கட்டிவைத்தன. எரிச்சலூட்டும் ஏற்பாடுதான். ஆனாலும் பூட்டும் சாவியும் உங்கள் மேசையில் இருந்தன. டாங்கிளைப் பெட்டிக்குள் கொண்டுபோகலாம். கார்டு எண்ணை மெய்நிகர் இயந்திரம் தனக்கு வைத்துக்கொள்ளலாம். நிறுவனமே மூடிப்போனாலும் மென்பொருள் ஓடும்.

2016-இல் ஆட்டோடெஸ்க் தன் பெரும்பாலான மென்பொருட்களுக்கு நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தி, சந்தாவுக்கு மாறியது. மற்றவர்களும் அதே திசையில் போகிறார்கள். சந்தா மென்பொருள் அவ்வப்போது நிறுவனத்தின் சர்வரிடம் அனுமதி கேட்கும். இப்போது ஒரு மெய்நிகர் இயந்திரத்தை எடுத்து, இன்றைய பதிப்பை நிறுவி, அப்படியே உறையவைத்து, 2055-இல் எழுப்பினால் என்ன ஆகும்? விண்டோஸ் எழும். மென்பொருள் எழுந்து, முப்பது வருடம் முந்திய ஒரு சர்வரைக் கூப்பிடும். அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். க்ரீஸியின் தந்திரத்தால் செயலியைப் பொய்யாகக் காட்ட முடிந்தது, நினைவகத்தைக் காட்ட முடிந்தது, கடைசியில் கிராஃபிக்ஸ் கார்டையும் காட்ட முடிந்தது. அனுமதியைப் பொய்யாகக் காட்டினால் அது குற்றம்.

விளைவு விநோதமானது. 1997-இல் வரைந்த படத்தை அதன் காரணங்களோடு 2055-இல் திறப்பதற்கான வாய்ப்பு, இன்று வரையும் படத்துக்கு இருப்பதைவிட அதிகம்.

அமெரிக்காவில் 2018-இல் நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் ஒரு விலக்கு கிடைத்தது. சந்தையில் கிடைக்காமல் போன மென்பொருளைப் பாதுகாப்பதற்காக அதன் பூட்டை உடைக்கலாம். நல்ல விஷயம். ஆனால் பாலங்களின் வரைபடங்கள் நூலகங்களில் இல்லை. அவை கட்டுமான நிறுவனங்களின் பழைய வன்தட்டுகளில், மூடிப்போன ஆலோசனை அலுவலகங்களின் பேக்அப் டேப்புகளில், ஓய்வுபெற்ற பொறியாளர் வீட்டு அலமாரியில் இருக்கும் சிடிக்களில் கிடக்கின்றன. அங்கே விலக்கு செல்லாது. இன்னொரு வழி, பூட்டே இல்லாத மென்பொருளில் வரைவது. 2002-இல் தொடங்கிய ஃப்ரீகேட் என்ற திறமூல மென்பொருள் 22 வருடம் கழித்து 2024-இல்தான் தன் 1.0 பதிப்பை எட்டியது. விமானம் வடிவமைக்க யாரும் அதை எடுக்கப் போவதில்லை. ஆனால் நான்கு துளைகளின் காரணத்தை அதில் எழுதி வைத்தால், அதைப் படிக்கும் நிரலின் மூலமும் கூடவே இருக்கும், யாரிடமும் கேட்காமல்.

கிளார்க்கும் கோர்பட்டோவும் சண்டையிட்டது ஒரு இயந்திரத்தை எத்தனை பேர் பயன்படுத்துவது என்பதைப் பற்றி. அந்தச் சண்டையில் இரண்டு பேருமே மாறிமாறி ஜெயித்துவிட்டார்கள். இப்போதைய கேள்வி வேறு. இன்று ஒரு பொறியாளர் தன் படத்தைச் சேமித்துவிட்டுக் கணினியை மூடும்போது, அதைத் திரும்பத் திறக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? பாலம் கட்டுபவர்கள் இதை ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பாலம் எப்படியும் நிற்கும். அதைப் பழுதுபார்க்க வருபவர்களுக்கு, துளை ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.